மஞ்சள் தண்ணீரில் நடுங்கிய கோழியும் ஸ்டெல்லா அக்காவும்

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார்கள். காலையில் அவர்கள் மகள் போன் செய்தாள். அப்போதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை... எழுந்து எழுந்து நடக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில், சிட்லபாக்கத்தில் எங்கள் பக்கத்து வீடு. கிண்டியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். வீட்டின் பின்னால் கம்பி வலை அடித்து வெள்ளை லெகார்ன் கோழிகள் வளர்த்தார்கள்.

என்னைவிட ஐந்து வயதுதான் மூத்தவர். ஆனாலும் பேசக் கூச்சப்படுவேன். ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் அவர்களே ஆரம்பிப்பார்கள். "டிகிரி வாங்குனவ இப்படிக் குனிஞ்சு நடந்தா, கான்வகேஷன்ல எதத் தொலைச்சேன்னு கேப்பாங்கடி."

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். எனக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று அம்மா அம்மனுக்கு ஒரு கோழி நேர்ந்துவிட்டிருந்தாள்.

பாரிமுனையில் என் முதல் இன்டர்வியூ. ஐப்பசி மழை. விடியற்காலையில் அம்மா அந்தக் கோழியைப் பிடித்து, தலையோடு மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். கோழி உடம்பைச் சிலுப்பினால் சாமி சம்மதம் என்று எங்களில் ஒரு கணக்கு.

சிலுப்பியது. நிறுத்தாமல் சிலுப்பியது. "உத்தரவு குட்துச்சி பாரு" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஏழு மணிக்குக் கோழி சாய்ந்து கிடந்தது. கண் மூடியிருந்தது.

"இது செத்துப் பூட்ச்சினா நீ இன்னிக்கி வாசப்படி தாண்டக் கூடாது. சாமியே வேணான்னு சொல்லுது." அம்மா சொன்னால் சொன்னதுதான். ஒன்பது இருபது ரயிலை விட்டால் எனக்கு இன்டர்வியூ இல்லை.

அன்றுதான் முதல்முறையாக நானாகப் போய் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன்.

ஆபீஸ் புடவையோடு வந்தார்கள். துண்டால் கோழியை அழுத்தித் துடைத்தார்கள். அம்மா மிளகுக் கஞ்சியோடு ஓடி வந்தாள்.

"ஊத்தாதீங்கம்மா. இப்ப வாயில ஊத்துனா மூச்சுக்குழாய்க்குப் போயிடும். மொதல்ல சூடேறட்டும்."

"ஒடம்பு சூடாத்தான கீது?"

"நம்ம கைக்குத்தாம்மா சூடு. கோழிக்கு நம்மளவிட உடம்புச் சூடு ஜாஸ்தி. இதுக்கு இது குளிர்."

அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கவும் விடவில்லை. மரப்பெட்டியில் பழைய புடவையை விரித்து, வெந்நீர் நிரப்பிய இரண்டு பாட்டில்களைத் துணி சுற்றிக் கோழிக்கு இருபுறமும் வைத்தார்கள். மேலே ஒரு துண்டு. "சும்மா சும்மா தெறக்காத. அதுவே பயந்து போயிருக்கு."

நான் திறந்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். மறுபடி திறந்தேன்... அக்காவின் எட்டு மணி ரயில் போய்விட்டது.

எட்டரைக்குக் கண் திறந்தது. சர்க்கரைத் தண்ணீரை அலகு ஓரத்தில் சொட்டுச் சொட்டாகத் தொட்டு வைத்தார்கள். விழுங்கியது. ஆனால் எழவில்லை.

"நிக்கட்டும். அப்பறம் போவலாம்" என்றாள் அம்மா. மணி எட்டே முக்கால்.

அக்கா பெட்டிக்குள் கையை விட்டுத் துண்டைச் சரிசெய்தார்கள். "அம்மா, இங்க பாருங்க. நிக்குது."

அம்மா எட்டிப் பார்த்தாள். கோழி நிமிர்ந்து நின்றது. "தாயே" என்று கும்பிட்டவள், என் நெற்றியில் குங்குமம் இட்டு அனுப்பினாள்.

பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் தெரிந்தது, துண்டுக்கடியில் கோழியின் வயிற்றைத் தாங்கியிருந்த அக்காவின் கை. என்னைப் பார்க்காமலே "ஓடு" என்றார்கள்.

இன்டர்வியூவில் என்ன கேட்டார்கள் என்று நினைவில்லை. கோழி நினைப்பாகவே இருந்தது.

சாயங்காலம் திரும்பினேன். அக்கா ஆபீஸுக்கே போகவில்லை. எங்கள் சமையலறைத் தரையில், பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். புடவையெல்லாம் மஞ்சள்.

கோழி வெளியே நொய்யரிசி கொத்திக்கொண்டிருந்தது.

அம்மாவுக்குக் கேட்காமல் மெதுவாகச் சொன்னார்கள். "இப்ப நெசமாவே நிக்குதுடி."

கடைசிவரை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை.

நாளை காலை அடக்கம். நான் வருகிறேன் அக்கா... குனியாமல் நடந்து வருகிறேன்.