சட்டை தேய்ச்சாச்சு

சலவைக் கடையில் துணி தேய்க்கும் அவரைத் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. பின்னறையில் நீராவிக்கு நடுவே நின்று விடுதிப் படுக்கை விரிப்புகளையும் யார் யாருடையவோ சட்டைகளையும் தேய்த்துக்கொண்டிருப்பார். "வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமாப்பா?" என்று முதலாளி கிண்டல் செய்வார்.

எதிர்ச்சாரியில் இருந்த பெயின்ட் கிடங்கில்தான் அவருடைய அண்ணனுக்கு வேலை. ஒரு மத்தியானம் கிடங்கு தீப்பிடித்தது. எல்லாரும் வெளியே ஓடி வந்தார்கள், அண்ணனைத் தவிர. இவர் கையில் இருந்ததோடு அப்படியே தெருவுக்கு ஓடினார். கூட்டத்தில் தொலைக்காட்சிக்காரர்களின் மைக் ஒன்று முகத்துக்கு நேரே நீண்டது. "இப்ப உங்க மனசுல என்ன ஓடுது?" என்று கேட்டார்கள். அவர் கையைப் பார்த்தார். அண்ணன் காலையில் கொடுத்துவிட்டுப் போன சட்டை.

"அண்ணனுக்குச் சட்டை தேய்ச்சாச்சு. வரச் சொல்லுங்க" என்றார்.

அண்ணன் வரவில்லை. அடக்கம் முடிந்த ஈரம்கூடக் காயவில்லை, எங்கிருந்தோ ஒரு பொடிப்பயல் அந்தப் பேச்சை வெட்டியெடுத்துத் தாளம் சேர்த்துப் பாட்டாக்கிவிட்டான். ஊரே சட்டையைச் சுழற்றிக்கொண்டு ஆடியது. யாருடைய அண்ணன், ஏன் வரவில்லை என்று ஆடியவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.

பிறகு ஆட்கள் தேடி வர ஆரம்பித்தார்கள். முதலாளி தேய்க்கும் மேஜையை முன்பக்கக் கண்ணாடியோரம் இழுத்துப் போட்டார்.

"அண்ணே, ஒரே ஒரு தடவை சொல்லுங்கண்ணே. எங்க வீட்டுல நம்பவே மாட்டாங்க."

சொன்னார். முதல் முறை தேய்ப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னார். அடுத்தடுத்த முறைகளில் அதுவும் இல்லை. வாய் அந்த வார்த்தைகளைச் சொல்லும்போது, காலரில் மடிப்பு விழுந்திருக்கிறதா என்று கண் பார்த்துக்கொண்டிருக்கும். மாட்டேன் என்றால் ஏன் என்பார்கள். அதற்குப் பதில் சொல்வதைவிட இது சுலபம். ஒருவன் மட்டும் சிணுங்கினான். "பாட்டுல வர்ற மாதிரி இல்லையேண்ணே. குரல் கொஞ்சம் நடுங்கணும்." அவர் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தார். நடுங்கவில்லை.

அண்ணியும் அண்ணன் மகளும் அவரோடு ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். பள்ளியில் பிள்ளைகள் அதைப் பாடுகிறார்கள் என்று மகள் அழுதுகொண்டு வந்தாள்.

"சித்தப்பா, இனிமே அதைச் சொல்லாதீங்க."

"சரிம்மா" என்றார். மறுநாளும் சொன்னார்.

ஒருநாள் சோறு போடும்போது அண்ணி சொன்னாள். "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. அவர் குரலை நினைச்சுப் பார்க்கலாம்னு கண்ணை மூடுறேன். உங்க குரல்தான் வருது. அதுவும் தாளத்தோட."

அவர் மிச்சத்தைச் சாப்பிட்டார். தட்டைக் கழுவிக் கவிழ்த்தார்.

மறுநாள் முதலாளியிடம் போனார். "நான் உள்ளேயே நின்னு தேய்க்கிறேனே."

முதலாளி தலையைச் சொறிந்தார். "நானே சொல்லணும்னு இருந்தேன்ப்பா. இப்ப முன்ன மாதிரி யாரும் வர்றதில்ல. ஏதோ பூனைப் பாட்டு வந்திருக்காமே?"

மேஜை பின்னறைக்குத் திரும்பியது.

பள்ளி விடுமுறை விட்டதும் அண்ணி மகளை அழைத்துக்கொண்டு தன் அக்கா ஊருக்கே குடிபோனாள். சண்டை, சச்சரவு எதுவும் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையம்வரை இவரும் போனார்.

"நேரத்துக்குச் சாப்பிடுங்க தம்பி" என்றாள் அண்ணி. குழந்தை ஜன்னல் வழியாகக் கையசைத்தது. பேருந்து வளைவில் திரும்பிய பிறகும் அவர் நடைமேடையிலேயே நின்றுகொண்டிருந்தார்.

பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவர் அவரை உற்றுப் பார்த்தார். "உங்களை எங்கேயோ பார்த்திருக்கேனே?"

"இருக்கலாங்க" என்றார்.

"எங்கேன்னுதான் சட்டுனு பிடிபடல."

அவர் காத்திருந்தார். அந்த ஆளுக்குக் கடைசிவரை நினைவுக்கு வரவில்லை. அவருடைய பேருந்து வந்தது, ஏறிப் போனார். இவர் கடைக்கு நடந்தார். விடுதியிலிருந்து விரிப்புகள் வந்து இறங்கியிருந்தன.