செக்கிங் மகுடேஸ்வரனின் செவலை

என் சகலை மகுடேஸ்வரன், அதாவது என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர், அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பகுதிக்குத் தலைவர். தைத்து வரும் ஒவ்வொரு பனியனிலும் குறை தேடுவதுதான் இருபத்தேழு வருடமாக அவர் வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண் ஓய்வதில்லை. என் கல்யாணப் பத்திரிகையைக் கையில் வாங்கியதும் அவர் பார்த்தது முகூர்த்த நேரத்தை அல்ல, ஓரம் கோணலாக வெட்டப்பட்டிருந்ததை. "ச்ச்" என்று உச்சுக் கொட்டினார். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அப்படிப்பட்டவர், மகள் கல்யாணம் முடிந்த கையோடு ஒரு குதிரை வாங்கினார். இளவட்டமாக இருந்தபோது நன்றாகச் சவாரி செய்தவர்தான். பிறகு குடும்பம், கம்பெனி என்று அந்தப் பக்கமே போகவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் பழைய ஆசை எட்டிப் பார்த்தது. வியாபாரி தங்கவேலு கொண்டுவந்த செவலைப் பெண்குதிரையை அவர் வாங்கிய லட்சணத்தை நான் நேரில் பார்த்தேன். இன்ச் டேப்பை எடுத்து, நான்கு கால்களும் ஒரே உயரம்தானா என்று அளந்தார். சுழிகளை எண்ணினார். பல்லைப் பார்த்தார். வயிற்றுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். குறை ஒன்றும் கிடைக்காததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

மூன்றாம் நாளே செவலை அவரைக் கீழே போட்டுவிட்டது. காரை எலும்பு முறிந்து, கையைத் தூளி கட்டித் தொங்கவிட்டபடி இரண்டு மாதம் செக்கிங் டேபிளில் நின்றார்.

எலும்பு கூடிவிட்டது, தைரியம் கூடவில்லை. தினமும் காலையில் சேணம் பூட்டி, அங்கவடியில் ஒரு காலை வைப்பார். மற்றக் கால் தரையை விட்டு எழும்பாது. ஒரு நாள் காற்று அடிக்கிறது என்பார், ஒரு நாள் பனி என்பார். அவர் பயப்படுகிறார் என்று எங்களுக்குத் தெரியும். தெரியாதது போலவே நாங்களும் காற்றைத் திட்டினோம். பிறகு கம்பெனி செக்கிங் தாளிலேயே குதிரைக்கு ரிப்போர்ட் எழுத ஆரம்பித்தார். காது அதிகமாக ஆடுகிறது. காரணமில்லாமல் வேகம் எடுக்கிறது. கட்டிங் வேஸ்ட் துணி பறந்தால் மிரள்கிறது. பாஸா, ரிஜெக்டா என்று எழுத வேண்டிய கடைசிக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது.

தங்கவேலு போன் செய்தார். "ஒத்து வரலீன்னா சொல்லுங்க. ஞாயித்துக்கெழம வேற குதிரையோட வந்து மாத்திக் குடுத்தர்றனுங்க. செவலைய சோமனூர்ல ஒருத்தரு கேட்டுட்டே இருக்கறாரு."

ஆறு நாள்தான் இருந்தது. செவலையை ஏறாமலே அனுப்பிவிட்டால், அப்புறம் எந்தக் குதிரை மேலும் அவர் ஏறப்போவதில்லை. அது அவருக்கே தெரியும்.

அவரை விழவைத்த உண்மையான குற்றவாளியைக் கண்டுபிடித்தது நான்தான் என்று சொல்ல ஆசை. கண்டுபிடித்தது அவர் மனைவி விஜயராணி. விழுந்த அன்று போனில் எடுத்த வீடியோவைச் சத்தம் கூட்டி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவர், எங்களைக் கூப்பிட்டார். "ஏனுங்க, இங்க வாங்க. படத்தப் பாக்காதீங்க, சத்தத்த மட்டும் கேளுங்க."

வீடியோவில் மகுடேஸ்வரன் ஏறி உட்கார்கிறார். சேணத்தின் ஓரத்தில் ஒரு நூல் பிரிந்து தொங்குவதைப் பார்க்கிறார். "ச்ச்." செவலை நடக்கிறது. யாரைக் கேட்டு நடக்கிறது என்று மறுபடியும் ஒரு "ச்ச்." செவலை ஓடுகிறது. பதறிப்போய் அவர் "ச்ச் ச்ச் ச்ச்" என்று கொட்ட, அது நாலுகால் பாய்ச்சலில் பறக்கிறது. விஜயராணி போனை நழுவவிட்டதால் அதற்குப் பிறகு மண் மட்டும்தான் தெரிந்தது.

தங்கவேலுவிடம் கேட்டோம். "ஆமாங்க, நாக்குல சத்தங் குடுத்தா கெளம்போணும்னுதானுங்க அதப் பழக்கிருக்குது. உங்குளுக்குத் தெரியும்னு நெனச்சனுங்க."

சகலை அந்தக் காலத்தில் ஏறிய குதிரை, குதிகாலால் தட்டினால்தான் நகரும். இதற்கு நாக்கே சாட்டை.

அந்த வாரம் முழுக்க மகுடேஸ்வரன் வாயில் கற்கண்டை அடக்கிக்கொண்டு திரிந்தார். சாம்பாரில் உப்பு தூக்கலாக இருந்த அன்றும் சத்தம் வரவில்லை. கம்பெனியில் எல்லோரும் பயந்துவிட்டார்கள். டேபிளில் வேலை செய்யும் செல்லத்தாய் நேராக வந்து கேட்டேவிட்டார். "அண்ணா, ஒடம்புக்கு முடியலீங்களா? நாப்பது பீஸ திருப்பி அனுப்பிருக்கறீங்க, ஒரு உச்சுகூட வரலீங்களே."

ஞாயிற்றுக்கிழமை காலை, தங்கவேலு வருவதற்கு முன்னால், வீட்டுக்குப் பின்னாலிருந்த காலி இடத்தில் சேணம் பூட்டினார். அங்கவடியில் காலை வைத்தார். வெகுநேரம் அப்படியே நின்றார். திடீரென்று மற்றக் காலும் எழும்பியது. ஏறிவிட்டார்.

மெதுவாக ஒரு ச்ச். செவலை நடந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் பக்கத்துக் கம்பெனி மதிலைத் தாண்டி ஒரு முழ நீளக் கட்டிங் வேஸ்ட் பறந்து வந்து அதன் முன்னால் விழுந்தது. செவலை பக்கவாட்டில் துள்ளியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இப்போது வரும், இப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். உச்சு வரவில்லை.

"ஒண்ணுமில்ல கண்ணு, துணிதான்" என்ற குரல் மட்டும் கேட்டது. குரல் நடுங்கியது. கண்ணைத் திறந்தபோது அவர் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். செவலை நின்றிருந்தது.

இறங்கினார். கண் கலங்கியிருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை. எனக்கு அந்தக் கல்யாணப் பத்திரிகை விஷயத்தை மன்னித்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது.

தங்கவேலு டெம்போவில் ஒரு கறுப்புக் குதிரையோடு வந்து சேர்ந்தார். "சாதுவான உருப்படிங்க. காதுகிட்ட வெடி வெச்சாலும் அசையாது. ஒரு குத்தங் குறை சொல்ல முடியாதுங்க."

மகுடேஸ்வரன் டெம்போ பக்கமே போகவில்லை.

"நானே சொல்றனுங்க" என்றார் தங்கவேலு. "செவலைக்கு மிரட்சி இருக்குது. துணி பறக்காத எடம் இந்த ஊர்ல எங்கீங்க இருக்குது? ஒங்க வயசுக்கு இது ஒத்து வருங்களா?"

"மிரட்சி இருக்கட்டுங்க" என்றார் என் சகலை. "எனக்குந்தான் இருக்குது. ரெண்டு பேரும் சேந்தே மிரண்டுக்கறோம்."