சித்தி தெரிந்தெடுத்த கொழுப்பு

உருக்கி வடித்த மாட்டுக் கொழுப்பு ஆறும்போது முதலில் ஓரங்களில்தான் வெளுக்கும். பிறகு அந்த வெண்மை நடுவை நோக்கி மெல்லப் பரவி, போத்தல் முழுவதும் மெழுகுபோல இறுகிவிடும். எழுபதுகளின் நடுப்பகுதியில், மெல்பேர்னின் கிளேட்டனில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் குசினி யன்னலோரத்தில் இரண்டு வருடங்கள் அப்படியொரு போத்தல் இருந்தது. பாடசாலையால் வந்ததும் அதன் முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு, அது வெளுப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதை உருக்கி, வடித்து, அங்கே வைத்தவர் என் சித்தி. கலியாணமாகி அவுஸ்திரேலியாவுக்கு வரும்வரை முட்டையைக்கூடக் கையால் தொட்டறியாத சைவக்காரி.

சித்தி என்று நான் சொல்வது அப்பாவின் இரண்டாவது மனைவியை. நாங்கள் மெல்பேர்னுக்கு வந்த அடுத்த வருடமே அம்மா நோயில் காலமானார். அப்போது எனக்கு ஐந்து வயது. அதற்குப் பின்னர்தான் எனக்கு வலிப்பு வரத் தொடங்கியது. நின்ற இடத்தில் நூல் அறுந்த மாதிரி விழுவேன். முன்பற்கள் இரண்டு அப்படித்தான் போயின. இரண்டு வருடம் கழித்து அப்பா யாழ்ப்பாணம் போய்ச் சித்தியைக் கலியாணம் செய்து கூட்டிவந்தார். கலியாணம் பேசும்போது என் வலிப்பு வருத்தத்தைப் பற்றி அவரிடம் யாரும் மூச்சு விடவில்லை. வந்த மூன்றாம் நாள் காலை, தேநீர்க் கோப்பையோடு நான் அவர் கண்முன்னே தரையில் விழுந்தபோதுதான் அவருக்கு அது தெரிந்தது. அப்பாவிடம் அவர் ஏதாவது கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. என் காதுபட ஒரு சொல்லும் கேட்கவில்லை. துணியை நனைத்து என் வாயைத் துடைத்துவிட்டு, உடைந்த கோப்பையைப் பொறுக்கியதுதான் எனக்கு நினைவிருக்கிறது.

அந்த நேரத்தில் எனக்கு அவரைப் பிடிக்காது. அம்மாவின் இடத்தில் வந்திருப்பவர் என்ற கோபம். அவர் தலை வாரிவிட்டால் கலைப்பேன். ஊட்டினால் துப்புவேன்.

மருந்துகள் எனக்குத் தூக்கத்தைத்தான் கொடுத்தன. வலிப்பை நிறுத்தவில்லை. ஒருநாளில் எத்தனை முறை விழுகிறேன் என்று எண்ணுவதை அப்பா கைவிட்டிருந்தார். இனி அனுப்ப வேண்டாம் என்று பாடசாலையும் சொல்லிவிட்டது. கடைசியில் சிறுவர் மருத்துவமனையில் ஓர் உணவுமுறையைப் பற்றிச் சொன்னார்கள். சோறு, பாண், சீனி எல்லாவற்றையும் ஏறக்குறைய நிறுத்திவிட்டு, கொழுப்பையே முக்கிய உணவாகக் கொடுப்பது. உடம்பு கொழுப்பை எரித்து வாழப் பழகினால் சில பிள்ளைகளுக்கு வலிப்பு நின்றுவிடுகிறதாம். அதற்குப் பொறுப்பாக இருந்த வெள்ளைக்காரப் பெண்மணியை நான் ‘சாப்பாட்டு மிஸ்’ என்பேன். பட்டினி போட்டு, கிராம் கணக்கில் நிறுத்து, முதலில் பாலாடையும் வெண்ணெயும் தந்தார். எனக்குப் பிறந்ததிலிருந்தே பால் ஒத்துக்கொள்ளாது. விழுங்கிய அத்தனையையும் சத்தியாய் வெளியே கொட்டினேன். எண்ணெய் தந்தார், வயிற்றால் போய்ச் சுருண்டு படுத்தேன். மூன்றாவது வாரம் அவர் அப்பாவையும் சித்தியையும் கூப்பிட்டு, இன்னும் ஒன்றுதான் மிச்சம் என்றார். நல்ல மாட்டுக் கொழுப்பு. அது வேறு சில பிள்ளைகளின் வயிற்றில் தங்கியிருக்கிறது. இது எல்லோருக்குமான சாப்பாடு இல்லை, மருந்து மாதிரி. தன் கண்காணிப்பில், அளவோடு, குறித்த காலத்துக்கு மட்டும் என்றும் சொன்னார்.

அப்பா மீனும் ஆட்டிறைச்சியும் சாப்பிடுவார். மாடு அவருக்கு நினைத்தும் பார்க்க முடியாதது. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினி வாசலில் நின்றார்.

“மாட்டுக் கொழுப்போ? எங்கட வீட்டிலயோ? ஊரில தெரிஞ்சால் என்ன சொல்லுவினம்?”

“ஊர் இஞ்ச வந்து பிள்ளையைத் தூக்கிவிடப் போறேல்லை,” என்றார் சித்தி. வந்து எட்டு மாதமாகியும் அப்பாவோடு அவர் எதிர்த்துக் கதைத்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. “பிள்ளை விழாமல் நடக்கோணும். மற்றதை நான் கடவுளோட கதைச்சுக்கொள்ளுறன்.”

அடுத்த நாளே என்னையும் கூட்டிக்கொண்டு இறைச்சிக் கடைக்குப் போனார். அப்பா காரிலேயே இருந்துவிட்டார். கொக்கிகளில் தொங்கிய உடல்களைப் பார்க்காமல் சித்தி மரத்தூள் தூவியிருந்த தரையையே பார்த்துக்கொண்டு நடந்தார். ஒரு கையில் என் கை, மறு கையில் சாப்பாட்டு மிஸ் எழுதிக் கொடுத்த துண்டு. கடைக்காரர் வெட்டிக் கழித்த கொழுப்பை ஒரு பொதியாகச் சுற்றிக் கொடுத்தார். சித்தி சேலைத் தலைப்பை மூக்கில் கட்டிக்கொண்டு அதை உருக்கினார். வீடெல்லாம் நாறியது. மஞ்சளாக, பிசுபிசுப்பாக வந்ததை அவரே கொட்டிவிட்டார். மறுநாள் திரும்பிப் போனார். தெரிந்த ஐந்தாறு ஆங்கிலச் சொற்களையும் கைகளையும் வைத்து, இது சாப்பாட்டுக்கு, வருத்தக்காரப் பிள்ளைக்கு என்று விளங்கப்படுத்தினார். கடைக்காரர் கையைத் துடைத்துவிட்டு உள்ளே போய், சிறுநீரகத்தைச் சுற்றி இருக்கும் கொழுப்பை முழுசாகக் கொண்டுவந்து பலகையில் வைத்தார். அழுத்தினால் நசியாது, பொருபொருவென்று உடையும் என்று காட்டி, ஒரு துண்டை உடைத்து நீட்டினார். சித்தி ஒரு கணம் அதைப் பார்த்தார். பிறகு வெறும் விரலால் வாங்கி, அழுத்தி, முகர்ந்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பலகை முன்னால் அவர் நின்று தெரிந்தெடுப்பதைப் பார்த்திருக்கிறேன். வெள்ளையாக, உலர்ந்து இருக்க வேண்டும். இரத்தக் கோடு ஓடக்கூடாது. சவ்வு இலகுவாக உரிய வேண்டும். மணமே இருக்கக்கூடாது. ஒன்றைத் தொட்டுப் பார்த்து, தலையை ஆட்டி, அடுத்ததைக் காட்டச் சொல்வார். நாற்பது வருடம் இறைச்சி வெட்டிய மனிதர் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுப்பார்.

ஆனால் முதல் நல்ல கொழுப்பு வந்த அன்று நான் வாயைத் திறக்கவில்லை. மாடு தின்னக்கூடாது என்று சொல்லித்தானே என்னை வளர்த்திருந்தார்கள். சித்தி கெஞ்சினார். எனக்கு அவரைத் தோற்கடிக்க ஒரு வழி தெரிந்தது.

“நீங்கள் சாப்பிட்டால் நானும் சாப்பிடுறன்,” என்றேன்.

அவர் சாப்பிடமாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால்தான் சொன்னேன். அவர் லாச்சியைத் திறந்து இன்னொரு கரண்டி எடுத்தார். என்னுடையதை நிறுத்த அதே தராசில், அதே அளவு, ஒரு கிராமும் குறையாமல் நிறுத்தார். உப்புத் தூவி வாயில் வைத்து விழுங்கினார். கண்கள் நீர் கட்டின. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஓடுவார் என்று எதிர்பார்த்தேன். ஓடவில்லை.

“இனி நீ,” என்றார்.

நான் சாப்பிட்டேன். அது வயிற்றில் தங்கியது. அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வேளையும் அவர் இரண்டு கரண்டிகளோடு வந்து எதிரில் அமர்ந்தார். ஏன் என்று கேட்டேன். “ஒரு நாளைக்கு மட்டுமெண்டு நீ சொல்லேல்லையே,” என்றார்.

அன்று மாலை விளக்கு ஏற்றும் நேரம் வந்ததும், குசினி அலுமாரியின் மேல்தட்டில் இருந்த சாமிப் படங்களுக்குக் கிட்டப் போகாமல், நெருப்புப் பெட்டியை என்னிடம் தந்து ஏற்றச் சொன்னார். நானும்தானே சாப்பிட்டேன் என்றேன். “நீ மருந்துக்குச் சாப்பிடுறாய். நான் சும்மா சாப்பிடுறன்,” என்றார். இரண்டு வருடமும் குசினி வாசலுக்கு வெளியே நின்றுதான் கும்பிட்டார். இன்று எனக்கு அவருடைய அன்றைய வயதைப்போல இரு மடங்குக்கும் மேலாகிவிட்டது. எத்தனையோ பெரிய மனிதர்களைச் சந்தித்திருக்கிறேன். அந்த வாசலில் கைகூப்பி நின்ற இருபத்தேழு வயதுப் பெண்ணுக்கு முன்னால் குனிவதுபோல என் மனம் வேறு எங்கும் குனிந்ததில்லை.

கொழுப்பு சாப்பிடத் தொடங்கிய மூன்றாவது வாரம், சிறுநீரில் தோய்க்கும் சோதனைக் குச்சி கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது. உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கிவிட்டதைக் காட்டும், சாப்பாட்டு மிஸ் எதிர்பார்த்த நிறம் அது. விழுவது குறைந்தது. ஒருநாள் மாலை, காலையிலிருந்து நான் விழவேயில்லை என்று சித்திதான் முதலில் கவனித்தார். சொல்லவில்லை, கண்பட்டுவிடும் என்று பயம். இரவு என் படுக்கையருகே வந்து அமர்ந்து முழங்காலைத் தடவினார். பழைய காயங்கள் காய்ந்திருந்தன, புதியது ஒன்றும் இல்லை. அடுத்த தவணையில் பாடசாலையும் என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது.

அதே காலத்தில்தான் பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அன்ரி, வைத்தியர் சொன்னாரென்று, பரம்பரையாகப் பொரித்துவந்த மாட்டுக் கொழுப்பை விட்டு, தாவர எண்ணெயில் செய்த மாஜரினுக்கு மாறினார். விலங்குக் கொழுப்பு கூடாதென்று எல்லோரும் பேசத் தொடங்கிய காலம். சித்தியின் குசினியைப் பார்த்து அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். சித்தி சிரித்தபடியே மிளகும் சீரகமும் தாளித்து, அளவாக நிறுத்த கோவா இலைகளைக் கொழுப்பில் வறையாக வதக்கிக்கொண்டிருப்பார். ஊரிலிருந்து கடித உறைக்குள் வந்த காய்ந்த கறிவேப்பிலையில் ஓர் இலையை உதிர்த்துப் போடுவார். அளவு மாறாமல் ருசியை மாற்றும் வித்தையை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஒரு குளிர்காலச் சனிக்கிழமை சித்தி காய்ச்சலில் எழும்ப முடியாமல் கிடந்தார். போத்தல் வெறுமையாக இருந்தது. அப்பா வீட்டுக்குள்ளே இரண்டு தடவை நடந்தார். பிறகு கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு போனார். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து, கடதாசிப் பொதியை எட்டப் பிடித்தபடி கட்டிலருகே நின்றார். சித்தி படுத்தபடியே அதைப் பிரித்து, விரலால் அழுத்தினார்.

“இது கிழட்டு மாடு. மாத்திக்கொண்டு வாங்கோ.”

அப்பா பொதியைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் போனார். அன்று இரவு உருக்கியதும் அவர்தான். சித்திக்கு அருகே கதிரை இழுத்துப்போட்டு, “பிள்ளையின்ர வருத்தத்தைச் சொல்லாமல் உம்மைக் கலியாணம் செய்தது பிழை,” என்று அவர் சொன்னதைக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன். சித்தி, “கொழுப்பு கருகப்போகுது, போய்ப் பாருங்கோ,” என்றார்.

இரண்டு வருடம் முடிந்ததும் கொழுப்பை மெல்லக் குறைத்து நிறுத்தினார்கள். வலிப்பு திரும்பி வரவில்லை. என்னைப்போல் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி அமைவதில்லை என்று பிறகு அறிந்துகொண்டேன். நான் படித்தேன், கார் ஓட்டினேன், பிள்ளைகள் பெற்றேன். சித்தி மறுநாளே பழைய சைவத்துக்குத் திரும்பினார். அந்த இரண்டு வருடங்களைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. ஊருக்கு எழுதிய கடிதங்களிலும் எழுதவில்லை.

அப்பா இப்போது இல்லை. சித்தி மெல்பேர்னின் ரோவிலில் என்னோடு இருக்கிறார். போன மாதம், இருவரும் வெயிலில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, இவ்வளவு காலமும் கேட்கத் துணியாததைக் கேட்டேன்.

“சித்தி, எனக்காக அந்தக் கொழுப்பைத் தின்ன உங்களுக்கு எவ்வளவு அருவருப்பாய் இருந்திருக்கும், என்ன?”

அவர் ஒரு கீரைத் தண்டை முறித்துப் போட்டார்.

“முதல் ஒரு மாசம் கஷ்டம்தான் பிள்ளை.” பிறகு வேலிக்கு அப்பால் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “பிறகு ருசியாய் இருந்தது. அதுதான் எனக்குப் பெரிய பயம்.”

சொல்லிவிட்டு, எழுபத்தேழு வயதில், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.