அவள் கேட்ட பட்டர் நான்

நாக்கு செத்துப்போச்சு என்று சும்மா சொல்வோமே, அது என் மனைவிக்கு நிஜமாகவே நடந்தது. மார்பில் கட்டி என்று வேலூர் ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து ஏற்ற ஆரம்பித்த பிறகு எதை வாயில் வைத்தாலும் மண் என்றாள். ரசம் துருத்தண்ணி. இட்லி சுண்ணாம்பு. இரண்டு வாய்க்கு மேல் இறங்காது.

டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எடை இன்னும் எறங்கினா அடுத்த ஊசி போட முடியாதுங்க. எதையாவது சாப்பிட வைங்க. ஓட்டல்ல மட்டும் வாங்கித் தராதீங்க." ருசி எப்போது திரும்பும் என்று கேட்டேன். வரும், தேதி சொல்ல முடியாது என்றார்.

நான் பொறுமைசாலி இல்லை. தறியில் ஒரு இழை அறுந்தாலே வாய்க்கு வந்தபடி திட்டுகிறவன். அவள் தட்டைத் தள்ளிவைக்கும்போதெல்லாம் எனக்குச் சுர்ரென்று ஏறும். கோபம் இல்லை அது, பயம். பயம் வந்தால் எனக்குக் கத்தத்தான் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, படுத்தபடியே சொன்னாள்: "யோவ், பட்டர் நான் கெடைச்சா தின்னலாம் போல கீது."

மகளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தபோது ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஓட்டலில் தின்றது. அதற்கப்புறம் அவள் அதைக் கேட்டதே இல்லை. வாரக்கணக்காக எதையும் வேண்டாம் என்றவள், வேண்டும் என்று ஒன்றைக் கேட்டுவிட்டாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பட்டு நெய்கிற வீட்டில் வெண்ணெய் என்றாலே பகீரென்று இருக்கும். பிசுக்கு விரல் ஒருமுறை பட்டால் போதும், கல்யாணச் சேலையில் கறை நின்றுவிடும். அதனாலேயே நான் அடுப்பங்கரைப் பக்கம் போனதில்லை, அவளும் விட்டதில்லை. அன்று தறியின் மேல் பழைய வேட்டியைப் போர்த்தி மூடினேன். சேலை எங்கேயும் ஓடிவிடாது.

மகளுக்குப் போன் போட்டேன். "நீங்களா செய்யப் போறீங்க?" என்று சிரித்தாள். "வீடியோ அனுப்புறேம்பா. பாத்து செய்ங்க. தயிர் புளிச்சிருக்கக் கூடாது" என்று வைத்துவிட்டாள்.

மைதாவில் தயிரும் சோடாவும் சர்க்கரையும் போட்டுப் பிசைந்தேன். ஈரத்துணி மூடி ஊறவிட்டேன். திரட்டி, ஒரு பக்கம் தண்ணீர் தடவி, காய்ந்த இரும்புக்கல்லில் அறைந்து ஒட்ட வேண்டும். மேலே கொப்புளம் வந்ததும் கல்லையே கவிழ்த்து நெருப்பில் காட்ட வேண்டுமாம். முதலாவது கல்லை விட்டு நழுவி பர்னர் மேலேயே விழுந்தது. அதை எடுக்கப்போய் விரலைச் சுட்டுக்கொண்டேன். "இன்னாய்யா அங்க சண்டை?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அடுத்தது ஒட்டியது. அங்கங்கே கருகிப் பொங்கி வந்ததன் மேல் வெண்ணெயை வழிய வழியத் தடவிக் கொண்டுபோனேன்.

தின்றாள். பிய்த்துப் பிய்த்து, மெதுவாக, முழுசாகத் தின்றாள்.

"எப்பிடிடி கீது?"

"சூப்பரா கீதுய்யா."

"உப்பு?"

"கச்சிதம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கேயே நின்று மகளைக் கூப்பிட்டு, "உங்கம்மாவுக்கு வாய் ருசி திரும்பிடிச்சிம்மா" என்று கத்தினேன். அந்தப் பக்கம் அவளும் அழுதாள்.

அப்புறம்தான் எனக்கென்று ஒன்றைச் சுட்டு வாயில் வைத்தேன். சப்பென்று இருந்தது. உப்பே போடவில்லை. பாவுக்குக் கஞ்சி கலக்கிப் பழகிய கை இது. தறியில் ஏற்றும் பட்டு இழைகளுக்கு அரிசிக் கஞ்சி போட்டு விறைப்பேற்றுவோம். அதில் உப்புக் கல் விழக் கூடாது. விழுந்தால் ஈரம் கோத்துக்கொண்டு ஜரிகை கறுத்துவிடும். கையில் மாவு ஒட்டியதும் புத்தி அந்தப் பக்கம் போய்விட்டது, கருமம்.

"எதுக்குடி பொய் சொன்ன?"

"இன்னா பொய்?"

"நான் உப்பே போடல."

தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணும் தெரியலய்யா. துணிய மெல்லுற மாதிரிதான் இருந்துச்சி. நீ கையச் சுட்டுகினு நிக்கிற. எப்பிடிச் சொல்றது?" பிறகு, "பாப்பாகிட்ட சொல்லிடாத. அவ சந்தோஷமா இருக்கட்டும்" என்றாள்.

நான் கத்தவில்லை. மகளிடம் இன்றுவரை சொல்லவும் இல்லை.

அவள் இப்போது சாப்பிடுகிறாள். எடை அப்படியே நிற்கிறது, அடுத்த ஊசியும் போட்டாகிவிட்டது. சமையல் என்னுடையதுதான். ஆனால் எதைக் கொண்டுபோய் வைத்தாலும், "நீ மொதல்ல ஒரு வாய் தின்னுய்யா" என்கிறாள். நான் தின்று முடிக்கும்வரை என் முகத்தையே பார்க்கிறாள். அப்புறம்தான் தட்டில் கை வைக்கிறாள். போன வாரம் குழம்பைத் தொட்டுக்கொண்டு, "உப்பு கொஞ்சம் தூக்கல்யா" என்றாள். தூக்கல்தான். அதை அவள் நாக்கு சொன்னதா, என் முகம் சொன்னதா என்று கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது.