ஒரு டிரான்ஸ்பார்மரும் இரண்டு ஊர்களும்

1954இல், கன்னிப்பூ நெல் அறுவடை முடிந்த கையோடு நாகர்கோவிலில் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. மின்சாரத்தை யாருக்கு முதலில் கொடுப்பது, என்ன விலைக்குக் கொடுப்பது என்பது பாடம். வந்தவர்கள் அதிகாரிகளும் ஆலை நிர்வாகிகளும் சங்கக்காரர்களும். நான் புதுக்கடையில் ஓர் அரிசி ஆலைக்கு மானேஜர். எங்கள் எண்ணெய் எஞ்சின் சாகக் கிடந்தது. கரண்டு வராவிட்டால் ஆலையை மூடுவதைத் தவிர வழியில்லை என்று முதலாளி சொல்லித்தான் அனுப்பினார்.

புதுக்கடையிலிருந்து நாகர்கோவில் இருபது மைல் இருக்கும். காலை ஆறரை பஸ்ஸில் ஏறினால் தக்கலையில் சாயா குடிக்க நேரம் கிடைக்கும். மணிமேடைப் பக்கம் ஒன்றரை ரூபாய்க்கு அறை எடுத்தேன். மூட்டைப்பூச்சி இலவசம். ஆனால் அடுத்த கடையின் ரசவடைக்காக எதையும் பொறுத்துக்கொள்ளலாம்.

வகுப்பெடுத்தவர் திருவனந்தபுரத்து எஞ்சினியர். "இந்த வருஷம் என் கையில் இருப்பது ஒரே டிரான்ஸ்பார்மர். முட்டமா, புதுக்கடையா? நீங்கள் கை தூக்கும் பக்கம்தான் நான் எழுதி அனுப்புவேன்" என்றார். அதோடு விட்டாரா? சொந்த ஊருக்குப் பேசினால் கண் மறைக்குமாம். அதனால் முட்டத்துக்கு நான் வாதாட வேண்டும். புதுக்கடைக்கு, முட்டம் மீனவர் சங்கக் காரியதரிசி அருளப்பன். ஏனோதானோவென்று பேசிவிட்டு உட்கார்ந்துவிடுவது என்று அப்போதே முடிவு செய்தேன்.

மறுநாள் வேனில் இரண்டு ஊரையும் பார்க்கப் போனோம். முட்டம் பத்து மைல். வெளிச்சவீடு என்கிற கலங்கரை விளக்கின் கீழே பாறையில் நின்றால் காற்று வேட்டியை விட்டுவைக்காது. கரையில் ஒரு அம்மா சாளை மீனைக் குழியில் தள்ளிக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"விடிய வந்த மீனுக்கு வெலை உண்டு, ஐயா. உச்சை கழிஞ்சா தெங்குக்கு உரம். ஐஸ் கிட்டினா இந்தக் கெதி வருமா?"

அந்த நாற்றம் என் சட்டையோடு வேனில் ஏறிவிட்டது.

மதியம் எங்கள் ஆலை. விருந்தாளிகள் வருகிறார்கள் என்று எஞ்சினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, பெயின்ட்கூட அடித்து வைக்கச் சொல்லியிருந்தேன். அந்த மூதேவியும் அன்றைக்குப் பார்த்து இருமல் இல்லாமல் ஓடியது. அருளப்பன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

மூன்றாம் நாள் வாதம். அருளப்பன் எழுந்தார். "புதுக்கடைக்குக் கரண்டு வேணும். ஆனா ஒண்ணு சொல்லணுமில்லா? மானேஜர் சார் அந்த எஞ்சினைப் பெத்த பிள்ளை மாதிரி வச்சிருக்காரு. இன்னும் பத்து வருஷம் ஓடும். என்ன சார்?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெருமையில் தலையாட்டிவிட்டேன்.

அடுத்தது என் முறை. நான் பிறந்தது தோவாளைப் பக்கம். ஒரு வரப்புக்காக மூன்று தலைமுறை கோர்ட்டுக்கு நடந்த குடும்பம். வாதம் என்று எழுந்தபின் தோற்கப் பேசுவது எப்படி என்று எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. குழியில் விழுந்த மீனைச் சொன்னேன். கரண்டு வந்து ஐஸ் ஆலை ஓடினால் அது போகக்கூடிய சந்தைகளைச் சொன்னேன். சொன்னதெல்லாம் நிஜம்தானே! உட்கார்ந்தபோது கைதட்டல். ஒரு கை குறையாமல் முட்டத்துக்கு.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. முட்டத்துக்குக் காலையிலேயே போங்கள், வெயில் ஏறினால் பாறையில் கால் வைக்க முடியாது. இப்படி ஒரு வகுப்புக்குப் போனால், உங்கள் வீட்டு ஓட்டையை மறைக்காமல் காட்டுங்கள்.

புதுக்கடைச் சந்தியில் முதலாளி காத்திருந்தார்.

"கரண்டு கிட்டிச்சாவே?"

"முட்டத்துக்குக் கிட்டிச்சு, முதலாளி."

"அவனுவளுக்கு யாருவே பேசினது?"

"நான்தான்."

நடந்தது அத்தனையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். தோளிலிருந்த துண்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"பத்து வருஷம் ஓடும்னு தலையாட்டினீருல்லா? எஞ்சின் காலையிலேயே நின்னுபோச்சு. சட்டையக் கழத்திட்டு வந்து சக்கரத்தைக் கையால சுத்தும்வே."