மஞ்சுவைக் கொன்றது யார்?

கடல் கடந்து எங்கோ ஒரு ஊரில் பனிக்குள் செத்துக் கிடக்கிறாள் ஒருத்தி. அதுவும் ஒரு கதையில் வருகிறவள்தான். அவள் எப்படிப்பட்டவள் என்று முடிவு கட்ட உங்களுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? எங்கள் கம்பெனி பஸ்ஸுக்கு மத்திகிரி வருவதற்குள் போதுமாக இருந்தது. வருடங்கள் போய்விட்டன, எனக்கு எரிச்சல் மட்டும் போகவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரியை முடித்த கையோடு ஓசூரில் ஒரு கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்திருந்தேன். காலை ஷிஃப்டுக்கு தேன்கனிக்கோட்டையில் இருந்து கம்பெனி பஸ். அந்த பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் இருந்த இன்ஜின் பெட்டிமேல், பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து வருவார் சிஸ்டர். கம்பெனி முதலுதவி அறையின் நர்ஸ். குளிருக்கு அந்தப் பெட்டியின் சூடு இதம் என்பார். கல்யாணம் ஆகி, அது சரிப்படாமல் போய், ஊரில் தனி வீடு எடுத்து இருந்தார். அது பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. சிஸ்டர் பெங்களூர் நடைபாதையில் பழைய ஆங்கில நாவல்களாக வாங்கிக் குவிப்பார். வீட்டில் படித்ததை மறுநாள் காலை பஸ்ஸில் தமிழில் சொல்வார். சாயங்காலம் கதை கிடையாது, எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு தூங்குவோம். காலையில் ஒருத்தர்கூடக் கண் மூடமாட்டோம்.

அந்தத் தடவை வந்தது ஸ்வீடன் நாட்டுக் கொலைக் கதை. உறைந்து போன ஏரி, அதில் ஐஸுக்கு அடியில் ஒரு பெண்ணின் உடம்பு. மீனை டப்பாவில் அடைக்கிற ஃபேக்டரியில் வேலை பார்த்தவள், தனியாகக் குடியிருந்தவள். அவள் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. டிரைவர் அண்ணன் கன்னடக்காரர். "மஞ்சுன்னு வெச்சிக்கலாம் சிஸ்டர், எங்க பாஷையில பனிக்கு அதான் பேரு" என்றார். அன்றிலிருந்து அவள் எங்கள் மஞ்சு. ஏரி உறையும் என்பதை நம்பவைக்கவே ஒரு காலைப்பொழுது போய்விட்டது. "நம்ம கெலவரப்பள்ளி டேம் அப்பிடி ஆயிட்டா அக்கரைக்கு நடந்தே போயிடலாமில்ல?" என்றார் அசெம்பிளி செக்‌ஷனில் வேலை பார்த்த, நாங்கள் அசெம்பிளி அக்கா என்று கூப்பிடுகிற அக்கா. "போலாம், மாடுதான் வழுக்கி வுழும்" என்றார் டிரைவர்.

கதையில் துப்புத் துலக்குகிற இன்ஸ்பெக்டர் எங்கள் ஊர் சினிமாவில் வருகிற மாதிரி இல்லை. பெண்டாட்டி விட்டுப் போய்விட்டாள், வயிற்றில் புண், சரியான சாப்பாடு கிடையாது, காபியாகக் குடித்துத் தீர்க்கிறார். முதல் இரண்டு நாள் பஸ் அவரைத்தான் கொலைகாரன் என்று சந்தேகப்பட்டது. குடும்பம் நடத்தத் தெரியாதவன் எதுவும் செய்வான் என்பது ஸ்டோர்ஸ் சாரின் வாதம். ஸ்டோர்ஸ் சார் எங்கள் கம்பெனியில் சாமான் அறைக்குப் பொறுப்பாளர். முன் சீட்டு அவருடையது. எதற்கும் ஒரு தீர்ப்பு வைத்திருப்பார். ஆனால் இன்ஸ்பெக்டர் பிரெட்டைக் காய்ந்தபடியே கடித்துக்கொண்டு பனியில் நிற்கிற இடம் வந்ததும் பஸ்ஸே உருகிவிட்டது. "பாப, ஊட்டா போட ஆளில்ல" என்றார் டிரைவர். பாவம், சாப்பாடு போட ஆளில்லை என்கிறார். ஸ்டோர்ஸ் சாருக்குக் குரலே மாறிப்போனது. "நல்ல மனுசனுக்குத்தான் இப்பிடியெல்லாம் வரும். தனியா கெடந்து அல்லாடுறான் பாருங்க."

மறுநாள் மஞ்சுவின் பக்கத்து வீட்டுக்காரர் போலீஸிடம் வாக்குமூலம் கொடுக்கும் இடம். பெண்டாட்டி, பிள்ளைகள், சர்ச் என்று மரியாதையாக வாழ்கிறவர். தனியாக இருக்கிற பெண், வீட்டில் கண்ட நேரத்தில் விளக்கு எரியும், யார் யாரோ வருவார்கள், இப்படி ஆகும் என்று எனக்கு முன்பே தெரியும் என்கிறார். சிஸ்டர் அவ்வளவுதான் சொன்னார். ஸ்டோர்ஸ் சார் தொடையில் தட்டினார்.

"கரெக்ட்டா சொன்னான் பாரு. எந்த ஊரா இருந்தாலும் உண்மை உண்மைதானே."

பின் சீட்டில் இருந்து ஒருத்தர், "வூட்டுல ஆம்பள இல்லாட்டி அப்பிடித்தானுங்க" என்றார். அசெம்பிளி அக்காவே, "அவளும் கொஞ்சம் சூதானமா இருந்திருக்கலாம்" என்று இழுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா கண்ட நேரத்துலதான் லைட்டு எரியும். நம்ம வூட்ல எரியலையா?" என்று கேட்டேன். "நீ சின்னப் பொண்ணு, கம்முனு வா" என்றார் ஸ்டோர்ஸ் சார்.

சிஸ்டர் புத்தகத்தைப் பைக்குள் வைத்தார். குரலை உயர்த்தவே இல்லை. "அந்த இன்ஸ்பெக்டரும் தனியாத்தான் சார் இருக்கறாரு. அவருக்கு நேத்து அவ்ளோ பரிதாபப்பட்டீங்க. இவளும் காஞ்ச ரொட்டிதான் தின்னா, அதுவும் கதையில இருக்குது, நேத்தே சொன்னேன். ஒருத்தருக்கும் காதுல வுழல. தனியா இருந்ததால அவ சாகல. கொன்னவன் கொன்னதால செத்தா. இத ஒத்துக்கிட்டா நாளைக்கு மீதி."

வண்டி அப்போதுதான் மத்திகிரியைத் தாண்டியது, ஓசூருக்கு இன்னும் நேரம் இருந்தது. ஒத்துக்கொள்வதற்கு அப்படி என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. "சரிங்க சிஸ்டர்" என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லக்கூட அத்தனை பேரில் ஒரு நாக்கு அசையவில்லை.

மறுநாள் மீதிக் கதை வரவில்லை, பெர்சனல் ஆபீஸரிடம் இருந்து சிஸ்டருக்கு அழைப்புதான் வந்தது. பஸ்ஸில் ஆபாசக் கதை சொல்கிறார் என்று புகார். யார் கொடுத்தது என்று கேட்கத் தேவையே இல்லை. அந்த ஆபீஸர் புத்தகத்தை வாங்கி முன் அட்டையைப் பார்த்தார், பின் அட்டையைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். ஒரு வரி படிக்கவில்லை. குடும்பஸ்தர்கள் வருகிற வண்டி, இன்ஜின் பெட்டிமேல் உட்காருவது பாதுகாப்பும் இல்லை, கொஞ்ச நாளைக்கு நீங்கள் டவுன் பஸ்ஸில் வாருங்கள் என்றார். அந்தப் பெட்டிமேல் சிஸ்டர் வருடக்கணக்காக உட்கார்ந்து வந்திருக்கிறார். அதுவரைக்கும் அது யாருக்கும் ஆபத்தாகத் தெரியவில்லை.

டவுன் பஸ் என்றால் என்ன என்று அந்த ஆபீஸருக்குத் தெரியாமல் இல்லை. யானை இறங்கியிருக்கிறது என்று நடுரோட்டில் நிற்கும். பூக்கூடை ஏற்றுவதற்கு நிற்கும். ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன்னால் முதலுதவி அறை திறந்திருக்க வேண்டும் என்பது ரூல். லேட்டானால் மெமோ. கொடுத்தார்கள், வரிசையாக. டவுன் பஸ்ஸுக்குத் தள்ளியவர்களே லேட்டாக வந்தாய் என்று கையெழுத்து வாங்கினார்கள்.

நானும் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு ஒரு வாரம் சிஸ்டரோடு டவுன் பஸ்ஸில் போனேன். டிரெய்னிக்கு மெமோ கிடையாது, நேராகச் சம்பளத்தில் கை வைப்பார்கள், வைத்தார்கள். கோழிக்கூடைக்கும் கொத்தமல்லிக் கட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு மீதிக் கதையைக் கேட்டேன். மஞ்சுவைக் கொன்றது அந்தப் பக்கத்து வீட்டுக்காரன். கதவைத் தட்டியிருக்கிறான், அவள் திறக்கவில்லை. மறுநாள் வழிமறித்திருக்கிறான். அதற்குப் பிறகு போலீஸிடம் அவனே முந்திக்கொண்டு போய் அவளைப் பற்றி அப்படிச் சொன்னான். ஊர் அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தன்னைப் பற்றிப் பேசாது என்ற கணக்கு. எங்கள் பஸ் முழுவதும் கொலைகாரன் சொன்னதைத்தான் கரெக்ட் என்று தலையாட்டியிருக்கிறது. "அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா சிஸ்டர்?" என்று கேட்டேன். "தெரியும். முன்னாடியே படிச்சு முடிச்சிட்டேன். இவங்களும் கண்டுபிடிப்பாங்கன்னு பாத்தேன்" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை நான் கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். ஏறினதும் ஆளாளுக்கு முடிவைக் கேட்டார்கள். ஸ்டோர்ஸ் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், காது மட்டும் இங்கே இருந்தது. காலியாக இருந்த இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "பக்கத்து வூட்டுக்காரன். ஸ்டோர்ஸ் சார் கரெக்ட்டுன்னாரே, அந்தாளுதான்."

டிரைவர் வண்டியை மெதுவாக்கிவிட்டார். அசெம்பிளி அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். ஸ்டோர்ஸ் சார் யோசிக்கக்கூட இல்லை. "அதெப்பிடி? குடும்பஸ்தன், பிள்ள குட்டிக்காரன். எழுதினவனுக்கு மூளை இல்ல. இல்லாட்டி அவ ஏதாவது எடம் குடுத்திருப்பா."

கொலைகாரன் ஒப்புக்கொண்டுவிட்டான், எழுதியவன் அச்சில் போட்டுவிட்டான், ஸ்டோர்ஸ் சார் மட்டும் அவனை விடுதலை செய்துவிட்டார். பஸ்ஸில் இரண்டு மூன்று தலைகள் அதற்கும் ஆடின. அசெம்பிளி அக்காவின் தலை ஆடவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஓசூரில் இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் அன்னிக்கி அப்பிடி சொல்லியிருக்கக் கூடாது கண்ணு. சிஸ்டர்கிட்ட சொல்லிடு" என்றார். "நீங்களே போயிச் சொல்லுங்கக்கா" என்றேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போய்ச் சொன்னார். அத்தனை பேரில் போனது அவர் ஒருத்தர்தான்.

சிஸ்டர் மூன்றாவது மெமோவில் கையெழுத்துப் போடவில்லை. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். ஸ்டோர்ஸ் சாருக்கு அந்த வருடமே பிரமோஷன்.

சிஸ்டர் இப்போது தளியில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறார், தனியாகத்தான் இருக்கிறார்.