கோச்சடையின் ஒரே சீனப் பண்டிதன்

ஒன்பது வயதில், கோச்சடை முழுவதிலும் சீனம் தெரிந்த ஒரே ஆள் நான்தான். இது ஊருக்கு நான் சொல்லித்தான் தெரியும் என்பது வேறு விஷயம். சீனத்தில் பல்லாயிரம் எழுத்துகள் உண்டாம். எனக்கு அதில் ஒன்று தெரியும். மற்றவர்களுக்கு அந்த ஒன்றும் தெரியாது என்பதால் நான் பண்டிதன்.

அந்த ஒன்றைச் சொல்லிக்கொடுத்தது அம்மா. சிங்கப்பூரில் ஒரு சீனக் குடும்பத்தில் வீட்டு வேலை பார்த்தாள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவாள். மற்ற நாளெல்லாம் வீட்டில் அப்பாவும் நானும், அப்பாவுக்கு வைக்கத் தெரிந்த ஒரே குழம்பும்தான். அந்த முறை வந்த மறுநாள் காலை, துணி துவைக்கிற கல்லில் அம்மா ஈர விரலால் எழுதிக் காட்டினாள். உச்சியில் ஒரு புள்ளி. அதன் கீழே, இரண்டு ஓரமும் மடங்கிய ஒரு கூரை. கூரைக்குள் குறுக்கே மூன்று கோடுகள், அவற்றை ஊடுருவி நிற்கும் ஒரு கோடு, வலது மூலையில் இன்னொரு சின்னப் புள்ளி.

“இதுக்குப் பேரு பாவ். பொக்கிஷம்னு அர்த்தம். மேல இருக்கறது வீட்டுக் கூரை. உள்ள இருக்கறது பச்சைக்கல்லு. அவுகளுக்குத் தங்கத்தவிட அந்தக் கல்லுதான் ஒசத்தி.”

“வெறும் கல்லு மட்டுந்தானா?”

“பழைய எழுத்துல கல்லோட ஒரு சாடி, ஒரு சோழி எல்லாம் உள்ள இருந்துச்சாம். அந்தக் காலத்துல அவுகளுக்குச் சோழிதான் காசு. எழுதக் கை வலிக்குதுன்னு இப்ப மத்ததையெல்லாம் வெளிய எடுத்துப் போட்டுட்டாக.”

வெயில் ஏற ஏறப் பொக்கிஷம் காய்ந்து மறைந்தது. அம்மா மறுபடி மறுபடி எழுதினாள். வருடப் பிறப்புக்குச் சீனர்கள் இந்த எழுத்தைச் சிவப்புத் தாளில் தங்க மையால் எழுதி வாசலில் ஒட்டுவார்களாம். நடுவில் ஓட்டை போட்ட அவர்களுடைய பழைய காசுகளிலும் இதுதான் இருக்குமாம். சிவப்பு அவர்களுக்கு மகா மங்கலமான நிறம், நல்லது எல்லாமே சிவப்பில்தான் தொடங்கும் என்றும் சொன்னாள். இந்தக் கடைசித் தகவலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பின்னால் நடந்த சேதத்துக்கெல்லாம் அதுதான் காரணம்.

ஒரே வாரத்தில் என் பொக்கிஷம் ஊரெங்கும் பரவியது. அப்பா புதிதாக வெள்ளையடித்திருந்த சுவரில் கரியால் எழுதினேன். பக்கத்தில் உட்கார்ந்த பையனின் முழங்கையில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதினேன். கணக்குப் பரீட்சைத் தாளில் பிள்ளையார் சுழி போடவேண்டிய இடத்திலும் அதையே எழுதினேன். கணக்கு டீச்சர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்னடா இது, வீட்டுக்கு ஆண்டெனா மாட்டி வச்சிருக்க?” என்று கேட்டார். பிள்ளையாரும் கைவிட்டார், சீனாவும் கைகொடுக்கவில்லை. மார்க் எவ்வளவு என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை.

அந்தச் சமயத்தில்தான் காளவாசலில் பரோட்டாக் கடை வைத்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, சீனாவில் செய்த மாவு பிசையும் மெஷின் ஒன்றை வாங்கினார். ஆட்டுரல் போன்ற வயிறு, உள்ளே வளைந்த ஒரு இரும்புக் கொக்கி, வெளியே ஒரு சிவப்புப் பொத்தான், ஒரு பச்சைப் பொத்தான். உடம்பெல்லாம் சீன எழுத்து. கொண்டுவந்து இறக்கியவர்கள் இறக்கியதோடு சரி, போய்விட்டார்கள். மாமா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பரோட்டா மாஸ்டர் தோள்பட்டையை நீவிக்கொண்டே ஏக்கத்தோடு பார்த்தார்.

“இதைப் படிக்க இனி சீனாக்காரனத்தான் கூப்பிடணும்ணே” என்றார் மாஸ்டர்.

“எனக்குச் சீனம் தெரியும்” என்றேன். “எங்கம்மா சொல்லிக்குடுத்துச்சு.”

மாஸ்டர் சிரித்தார். “அக்கா சிங்கப்பூருக்குச் சட்டிபானை கழுவப் போனாகளா, சீனம் படிக்கப் போனாகளா மாப்ள?”

மாமா சிரிக்கவில்லை. ஆனால் மறுத்தும் பேசவில்லை. அம்மா கோரிப்பாளையத்தில் ஒரு தோழியைப் பார்க்கப் போயிருந்தாள், திரும்பும் வழியில் கடைக்கு வந்து என்னைக் கூட்டிப்போவதாகப் பேச்சு. வந்ததும் கேட்டிருக்கலாம். ஆனால் என் அம்மாவைச் சட்டிபானையிலிருந்து அந்த நிமிடமே மீட்டாகவேண்டும் என்று எனக்கு வெறி. நேரே மெஷினிடம் போய், மேலே பதித்திருந்த பட்டையைப் பார்த்தேன். நம்பமாட்டீர்கள், அங்கே என் எழுத்து இருந்தது! அதே கூரை, அதே கல், அதே புள்ளி.

“பொக்கிஷம்!” என்று கத்தினேன்.

பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தவர்கள் பிய்த்தபடியே திரும்பினார்கள். மாமாவின் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. வந்ததோடு, “அடுத்தது என்ன மாப்ள போட்டிருக்கு?” என்றும் கேட்டார்.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்துகிறவன் பண்டிதனா?

“பொக்கிஷத்தை... உள்ளே போடவும்.”

“பொக்கிஷம்னா?”

“மைதா மாவுதான் மாமா.”

“எம்புட்டு?”

“அம்புட்டும்.”

மாஸ்டர் மூட்டையைக் கவிழ்த்தார். மூடி போடவேண்டும் என்று எங்காவது எழுதியிருந்திருக்கும், நான் அதுவரை போகவில்லை. எந்தப் பொத்தானில் ஓட்டுவது என்று மாமா கேட்டார். நல்லதெல்லாம் சிவப்பில்தானே தொடங்கும்? “செவப்பு” என்றேன் தயங்காமல். மாமா சாமியைக் கும்பிட்டுச் சிவப்பை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. பொறுமை இழந்து பச்சையையும் அமுக்கினார்.

அதன் பிறகு கொஞ்ச நேரம் காளவாசலில் பனி பெய்தது. மாமா வெள்ளையானார். மாஸ்டர் வெள்ளையானார். கல்லாவுக்கு மேல் மாட்டியிருந்த சாமி படங்கள் எல்லாம் கயிலாயம் போய்ச் சேர்ந்தன. சால்னாவில் மாவு, சாப்பிட்டவர் மீசையில் மாவு. தினமும் சொல்லாமல் கொள்ளாமல் போகிற கரண்ட் அன்றைக்குப் பார்த்துப் போகவில்லை.

“நிறுத்துறதுக்கு எதுடா?” என்று மாமா அலறினார்.

“தெரியல மாமா! செவப்பை மட்டும் தொட்டுராதீங்க, இன்னும் வேகமா ஓடும்!”

பண்டிதன் வாக்குக்குக் கட்டுப்பட்டு யாரும் சிவப்பைத் தொடவில்லை. வயரைப் பிடுங்கலாம் என்றால் பிளக் மெஷினுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கிடந்தது. அப்போதுதான் அம்மா ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நேரே உள்ளே வந்தாள். சிவப்பை அமுக்கினாள். மெஷின் ஓய்ந்தது.

“அக்கா சீனம் படிச்சிட்டாகடா!” என்றது மாவுக்குள்ளிருந்து மாஸ்டரின் குரல்.

“செவப்புன்னா நிக்கணும்னு இந்தா இந்தச் சிக்னல்ல திரியிற மாட்டுக்குக்கூடத் தெரியும்” என்றாள் அம்மா.

மாமா என் பக்கம் திரும்பினார். கண்கள் மட்டும்தான் கறுப்பாக இருந்தன. “டேய், நெசத்தச் சொல்லு. இதுல ஒத்த எழுத்தாச்சும் ஒனக்குத் தெரியுமா?”

எனக்கு அழுகை முட்டியது. பட்டையைக் கை நீட்டிக் காட்டினேன், அதுவும் மாவில் மூடிக் கிடந்தது. அம்மா முந்தானையால் அதைத் துடைத்தாள். குனிந்து பார்த்தாள். நான் பார்த்தது வேறு எழுத்தாக இருந்தால் என் மானம் மட்டுமல்ல, அவளுடையதும் சேர்ந்து மைதாவோடு போகும்.

“பாவ்” என்றாள். “எம்புள்ள சரியாத்தான் படிச்சிருக்கான்.”

“அப்ப நெசமாவே சீனம் தெரியுமாக்கா?” என்றார் மாஸ்டர்.

“எழுதப் படிக்க இந்த ஒண்ணுதான் தெரியும். பேச்சு கொஞ்சம் வரும்.”

“பேசிக் காட்டும்மா” என்றேன், மூக்கை உறிஞ்சியபடி.

அம்மா என் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். என் கன்னத்து மாவைத் துடைத்துக்கொண்டே, “பாவ்பாவ்” என்று தொடங்கி என்னென்னவோ சொன்னாள். தேடாமல், தடுமாறாமல், எங்கள் கோச்சடைத் தமிழைவிட வேகமாகவும் மெதுவான குரலிலும் அது வந்தது.

“என்னக்கா சொன்னீக?” என்றார் மாஸ்டர்.

“தங்கம், அழாத, வா, மூஞ்சி கழுவிட்டுச் சாப்பிடலாம்னு சொன்னேன். அங்க பிள்ளைகளப் பாவ்பாவ்னுதான் கூப்பிடுவாக. பிள்ளைதான பொக்கிஷம்.”

மாஸ்டர் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தார். மரியாதைக்காக எடுத்தாரா, மாவைத் துடைக்க எடுத்தாரா என்று இன்றுவரை தெரியாது. நான் மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன். மாமா, “எங்கக்கா!” என்று சாப்பிட வந்தவர்களிடம் அறிமுகம் செய்துவைத்தார், ஏதோ அன்றுதான் அவருக்கே தெரியவந்ததைப் போல.

கடையை விட்டு இறங்கியபோது நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். ஊரில் எத்தனை அம்மாக்கள் இருந்தாலும் இவ்வளவு சரளமாகச் சீனம் பேசுகிறவள் எனக்கு மட்டும்தான். அழாத, மூஞ்சி கழுவு, சாப்பிடு. அந்தச் சொற்கள் வாயில் அப்படிப் படிய எத்தனை காலம் ஆகியிருக்கும், எந்தப் பிள்ளையின் முகத்தைத் துடைத்துத் துடைத்து அவை படிந்திருக்கும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இன்னொரு தடவை பேசச் சொல்லி நச்சரித்துக்கொண்டே வந்தேன். அம்மா பேசவில்லை. என் கையை மட்டும் வலிக்கிற அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தாள். பைபாஸ் ரோட்டில் லாரிகள் ஜாஸ்தி, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.